மெர்சியக்காவுக்கு ஏது ஆடி

1

இந்தக் கதை முதலில் ஒரு புகார் மனுவாக இருந்தது. 'பெறுநர்: கிளை மேலாளர்' என்று தொடங்கி 'இப்படிக்கு' என்று முடிந்த மனு. நடுவில் எங்கோ கதையாகிவிட்டது. எந்த வரியில் என்று தேடிப் பார்த்தேன். 'அன்று மழை தூறிக்கொண்டிருந்தது' என்ற வரியாகத்தான் இருக்க வேண்டும். வங்கிக்கு எழுதும் மனுவில் மழைக்கு என்ன வேலை? அடித்துவிட்டேன். அடித்த வரியை வீணாக்க மனமில்லாமல் டைரியில் எழுதிவைத்தேன். அதற்கடுத்த வரி தானாக வந்தது.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பகலில் ஒரு பம்புக் கம்பெனியில் பில் போடுகிறேன். மாலையில் சிங்காநல்லூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரியின் மாடியில் நடக்கும் கணக்குப்பதிவு வகுப்புக்குப் போகிறேன். வீட்டுக்கு வந்ததும் டைரி எழுதுவேன். எழுத்துப் பயிற்சி என்று எனக்கு இருப்பது அவ்வளவுதான். அதனால் இந்தக் கதையில் எதையும் இரண்டு முறை சரிபார்ப்பேன். மூன்றாவது முறை சந்தேகப்படுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவர் மெர்சியக்கா. அவரும் அவர் கணவர் ரூபனும் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார்கள். எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்கு ரூபன் அண்ணன் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றுவார். வரவு செலவு, வங்கி எல்லாம் அக்கா. வங்கி தன் கணக்கில் பிடித்த காசு எதற்கென்று கேட்டபோது யாரும் புரியும்படி சொல்லாததால், தானே படித்துத் தெரிந்துகொள்ள வகுப்பில் சேர்ந்தவர்.

"அக்ஷயா கண்ணு, நீ நல்லா எழுதறியாமா. பேங்க்குக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு வந்தவரிடம், இதைக் கதையாகவும் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதிக்க. ஆனா எம்பேர மட்டும் மாத்திப்போடு. கம்பிக்கடை அங்கப்பண்ணன் படிச்சா சங்கடம்."

"அவரு கதையெல்லாம் படிப்பாருங்களாக்கா?"

"பஜ்ஜி மடிச்ச பேப்பரக்கூட ரெண்டு பக்கமும் படிக்காம கசக்கமாட்டாரு கண்ணு."

எனவே என் நாயகிக்குத் தெய்வாத்தாள் என்று பெயர் வைத்தேன். எங்கள் பக்கத்துப் பெயர், கேட்டதும் ஆள் கண்முன் வந்து நிற்கும். (பெயரை மாற்றினால் ஆள் மாறாது என்று அப்போது நம்பினேன். இந்த அடைப்புக்குறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

2

தொடக்கம் ஒன்று: 'தெய்வாத்தாளின் கைபேசி டிங் என்றது.'

உண்மையில் நடந்தது அதுதான். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. ஆனால் கைபேசி டிங் என்பதில் கதை என்ன இருக்கிறது? அது நாள் முழுக்க டிங் என்றுகொண்டுதான் இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: 'வங்கி என்பது ஒரு'

ஒரு என்ன? அன்றிரவு சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம். வங்கி என்பது என்னவென்று எனக்குத் தெரியாது. விட்டுவிட்டேன்.

தொடக்கம் மூன்று: 'அங்கப்பன் கடையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன.'

இது நிற்கும். இங்கிருந்தே போகலாம்.

அங்கப்பன் செம்புக் கம்பி வியாபாரி. ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். இன்னொன்று சுவரோரம் மடித்துச் சாத்தியிருக்கும். யாருக்காக அதை அவர் விரித்துப் போடுகிறாரோ அவருக்குக் கடன் உண்டு என்று பொருள். ரூபனின் அப்பா அந்தக் கடையில் வாசற்படிக்கு வெளியே நின்று கம்பி வாங்கியவர். ரூபன் உள்ளே வந்து நின்று வாங்கினார். பட்டறைக் கணக்கு அக்கா கைக்கு வந்து நான்கைந்து வருடம் கழித்து, ஒருநாள் அங்கப்பன் பேச்சுவாக்கில் எழுந்து அந்த நாற்காலியை விரித்து, "உக்காருங்கம்மணி, நின்னுட்டே எத்தன நேரம் பேசுவீங்க" என்றார். அன்றிலிருந்து கம்பியை எடுத்துக்கொண்டு போய், ஒரு மாதம் தள்ளித் தேதி போட்ட செக்கைக் கொடுத்தால் போதும்.

போன ஆடியில் அப்படிக் கொடுத்த ஒரு செக் பணமில்லை என்று திரும்பியது.

அக்கா கடைக்கு ஓடினார். (மழை தூறியது அன்றுதான்.) ரொக்கமாகவே எடுத்துப் போயிருந்தார். அங்கப்பன் எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கிக் கல்லாவில் போட்டார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மணி. வியாபாரத்துல இதெல்லாம் சகஜமுங்க."

"அண்ணா, பேங்க்குல என்னமோ பண்ணிப்போட்டாங்க. நான் காசில்லாம செக்குக் குடுக்கறவ இல்லீங்க."

"அட, நான் ஒண்ணும் சொல்லலீங்களே. அடுத்த தடவைக்கு மட்டும் ரொக்கமா குடுத்துருங்க, ரெண்டு பேருக்கும் நிம்மதி. டீ சொல்லட்டுங்களா?"

டீ வந்தது. அக்கா அதை நின்றபடி குடித்தார். நாற்காலி சுவரில் சாத்தியபடியே இருந்தது.

ஆகவே வாசகரே, இந்தக் கதையில் என்ன பணயம் என்று உங்களைத் தேட விடமாட்டேன். வங்கி பிடித்த கட்டணம் மொத்தம் பதினோராயிரத்துச் சொச்சம். அது திரும்ப வர வேண்டும். அதைவிட, செக் திரும்பியது வங்கியின் தவற்றால்தான் என்று வங்கியே ஒரு வரி எழுதித் தர வேண்டும். மாசி பிறந்தால் வெயிலில் மோட்டார்கள் எரியத் தொடங்கும். அதற்குள் கம்பியை மொத்தமாகக் கடனில் எடுத்து வைக்காவிட்டால் அந்த வருடம் பட்டறை ஓடாது. அந்த ஒரு வரி, ஒரு நாற்காலிக்காக.

3

செக் ஏன் திரும்பியது?

பட்டறைக்கு வங்கியில் ஓவர்டிராஃப்ட் உண்டு. ஓடி என்பார்கள். கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் ஒரு வரம்புவரை எடுத்துக்கொள்ளலாம். அந்த வரம்பை வருடம் ஒருமுறை கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். இந்தமுறை அது ஜூலைக் கடைசியில் முடிந்தது. அதாவது ஆடி நடுவில்.

முடியும் முன்பே, ஆடி பிறந்த வாரத்திலேயே, அக்கா வங்கிக்குப் போய்விட்டார். முதல் வரைவில் அந்தக் காட்சியை இப்படி எழுதியிருந்தேன்:

*தெய்வாத்தாள் உள்ளே நுழைந்தபோது வங்கி பாதி காலியாக இருந்தது. பீரோக்களில் கயிறு கட்டியிருந்தார்கள். கடன் பிரிவு அதிகாரி மோகன்குமார் எழுந்து நின்று வரவேற்றார்.*

*"வாங்கக்கா, வாங்க. என்ன இந்த வெயில்ல?"*

*"ஓடி புதுப்பிக்கோணுமுங்க சார். கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடலாம்னு வந்தேன்."*

*"ஆடியில எதுக்குங்கக்கா புதுசா எழுதிக்கிட்டு? நாங்களே புதுக் கட்டடத்துக்குப் போறத ஆவணிக்குத் தள்ளிப்போட்டு உக்காந்திருக்கறோம். ஆவணி ஒண்ணு பால் காய்ச்சறோம், ஊட்டோட வாங்க. மொதோ ஃபைலா உங்களுதே போட்டுடலாம்."*

*"அதுவரைக்கும் ஒண்ணும் ஆயிராதுங்களே?"*

*"நான் பாத்துக்கறேனுங்கக்கா."*

*தெய்வாத்தாள் சரியென்று திரும்பினாள்.*

ஆவணி முதல் தேதி புதுக் கட்டடத்தில் பால் பொங்கியது. முதல் கோப்பாக அவருடையதையே வைத்து, மஞ்சள் தடவி, கையெழுத்து வாங்கினார்கள். மோகன்குமார் சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் வங்கியின் கணினிக்கு ஆடி தெரியாது. ஜூலை முடிந்ததும் அது வரம்பைப் பூஜ்யமாக்கிவிட்டது. அங்கப்பனுக்குக் கொடுத்த செக்கைத் திருப்பி அனுப்பியது. திருப்பியதற்கு ஒரு கட்டணம், புதுப்பிக்காததற்கு ஒரு கட்டணம், வரம்பே இல்லாத கணக்கில் பாக்கி நிற்பதற்கு நாள்தோறும் ஒரு கட்டணம் என்று பிடித்துக்கொண்டே போனது.*

(* இந்தப் பத்தியை வகுப்பு ஆசிரியரிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டேன். "கணக்கு சரி, தமிழ் பரவாயில்லை" என்றார்.)

புகாருக்கு ஐப்பசியில் வங்கியின் பதில் வந்தது. வட்டார அலுவலகத்திலிருந்து நான்கு வரிகள். மூன்றாவது வரி இது: 'வாடிக்கையாளர் ஆடி மாதத்தைக் காரணம் காட்டி உரிய காலத்தில் கையெழுத்திட முன்வராததால், கட்டணங்கள் விதிப்படியே விதிக்கப்பட்டன.'

எனக்குக் கோபம் வந்தது. கதையை வேகமாக எழுதி முடித்து, இந்த வரியைப் படிக்கும் யாரும் கொதித்துப்போவார்கள் என்ற நம்பிக்கையோடு அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

"பேங்க்காரங்க சொல்றது நெசந்தானே?" என்றார்.

"எப்படிம்மா? ஆடில வேண்டாம்னு சொன்னதே அந்த ஆபீசருதானே!"

"அவரு வாயில சொன்னாரு. தெய்வாத்தா மனசுல நெனைச்சிருப்பா. ஆடில யாரு கையெழுத்துப் போடுவா? அவரு சொன்னதும் அப்பாடான்னு திரும்பி வந்திருப்பா. நானா இருந்தா பேங்க் பக்கமே போயிருக்கமாட்டேன்."

அம்மா சொன்னதில் பிசகில்லை. அம்மா போன ஆடியில் வாங்கிய எரிவாயு அடுப்பை ஆவணி வரை அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெய்வாத்தாள் என்று பெயர் வைத்த இடத்திலேயே வங்கியின் பொய்யை நான் உண்மையாக்கிவிட்டேன். ஒரு வசனத்தைக்கூட மாற்றவில்லை. பெயரைத்தான் மாற்றினேன். வழக்கு கைவிட்டுப் போய்விட்டது.

4

கதையைக் காப்பாற்ற வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தேன். மோகன்குமாரை வில்லனாக்கலாம்.

'மோகன்குமாரின் விரல்களில் மோதிரங்கள்' என்று தொடங்கினேன். அவர் விரலில் மோதிரமே கிடையாது. 'அவர் சிரிப்பில் ஒரு' என்று எழுதி நிறுத்தினேன். அவர் சிரிப்பில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. அக்காவின் முதல் கடன் கோப்பைப் பூர்த்தி செய்து கொடுத்ததே அவர்தான். பட்டறையைப் பார்க்க வந்தவர், குடிக்கக் கொடுத்த மோரை மறுக்காமல் வாங்கிக் குடித்ததாக அக்கா ஒருமுறை சொன்னார். எல்லா அதிகாரியும் எல்லார் வீட்டிலும் வாங்கிக் குடிப்பதில்லை. அக்கா அதைச் சொன்னது அதனால்தான்.

நல்லவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்ன சொல்லில் இன்னொருவர் வியாபாரம் முடங்கிவிட்டது. இதை எப்படி எழுதுவது? நல்லவர்களைச் சந்தேகப்பட்டு எழுதுவது எனக்கு வரவில்லை. ஆனால் அந்த மூன்றாவது வரியை யாரோ ஒருவர் எழுதியிருக்கிறார்தானே? யார்?

(இங்கே ஒரு பத்தி இருந்தது. வங்கிகளைப் பற்றிய பொதுவான கருத்துகள். படித்தபோது யாரோ மேடையில் பேசுவதுபோல் இருந்தது. எடுத்துவிட்டேன். நீங்கள் எதையும் இழக்கவில்லை.)

கடைசியில் ஒரே வழிதான் மிஞ்சியது. அக்காவிடமே போய்ச் சொல்வது.

5

வகுப்பு தொடங்க நேரமிருந்தது. கீழே பேக்கரியில் பப்ஸ் வெந்துகொண்டிருந்த மணம் படியேறி வந்தது. அம்மா சொன்னதை அக்காவிடம் சொன்னேன். அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

"தெய்வாத்தான்னா வெச்ச? அந்தப் பேருக்கு ஆடி, மார்கழி, அம்மாவாசை, அஷ்டமி எல்லாமில்ல வந்துருது? எனக்கு ஏது கண்ணு ஆடி? என்ற கல்யாணமே ஆடிலதான்."

"ஆடியிலயா?"

"பின்ன? மாமனாரு மண்டபத்துக்குப் போயி, ஆடி பத்துக்கு வேணும்னு கேட்டிருக்காரு. மண்டபத்துக்காரரு காது கேக்காத மாதிரி மூணு தடவ கேட்டாராம். அப்பறம் பாதி வாடகைக்குக் குடுத்தாரு. மிச்சமான காசுல மாமனாரு பிரியாணிக்குக் கறி சேத்துப் போட்டாரு. இன்னைக்கும் சொந்தத்துல அந்தப் பிரியாணியத்தான் பேசறாங்க. பட்டறை தொறந்ததும் ஆடிதான். மேசை, பீரோ எல்லாம் ஆடித் தள்ளுபடில வாங்குனது."

"அப்போ நீங்க எதையும் தள்ளிப்போடவே மாட்டீங்களாக்கா?"

"ஈஸ்டருக்கு முந்தி வர்ற லெந்து நாள்ல கல்யாணம் வெக்கமாட்டோம். அது ஆடில வராது."

"பின்ன ஏங்க்கா, அன்னைக்கு அவரு சொன்னதும் செரின்னு வந்தீங்க? எனக்கு ஆடி இல்லீங்கன்னு சொல்லியிருக்கலாமே?"

அக்கா பையிலிருந்து நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"என்ற நல்லதுக்குன்னு சொல்றாரு மனுசன். மொதோ ஃபைலு உங்களுதுங்கறாரு. அந்தக் கட்டடத்துல மொதல்ல என்ற பேர வெக்கறேங்கறாரு கண்ணு. அவருகிட்டப் போயி, எனக்கு உங்க ஆடி இல்லீங்கன்னு சொன்னா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காதா? செரீங்க சார்னு வந்துட்டேன்."

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிகிறது, வேறு ஊரில் இருந்து படிக்கும் ஒருவர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு 'இதென்ன பைத்தியக்காரத்தனம்' என்பார். பணம் போகிற விஷயத்தில் மரியாதை பார்ப்பார்களா? எங்கள் ஊரில் பார்ப்பார்கள். எதிரில் இருப்பவர் மனம் கோணக் கூடாது என்று கையில் இருப்பதையும் விட்டுவிட்டு வருவார்கள். வந்த பிறகு வீட்டில் உட்கார்ந்து புழுங்குவார்கள். அங்கப்பன் நாற்காலியை விரிக்காமல் டீ வாங்கிக் கொடுத்ததும் இதே மரியாதைதான்.

"செரி, தெய்வாத்தாள எடுத்துரு. எம்பேரயே போடு" என்றார் அக்கா.

"அங்கப்பண்ணன் படிப்பாருன்னு சொன்னீங்களே?"

"படிக்கட்டும்."

அடுத்த கட்டம், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். வங்கி மறுத்தால் அங்கே முறையிடலாம் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். அந்த மனுவில் மெர்சி என்ற பெயரை முதல் வரியிலேயே போட்டேன். திருமணம் ஆடியில் நடந்தது, பட்டறை ஆடியில் திறந்தது, ஆடியில் கையெழுத்துப் போடவே வங்கிக்குச் சென்றது என்று மூன்று வாக்கியங்கள். ஆதாரமாகக் கல்யாணப் பத்திரிகையின் நகலையும் இணைத்தோம்.

பத்திரிகையைத் தேடி எடுத்துத் தந்த ரூபன் அண்ணன், "அனுப்புங்க, அனுப்புங்க. இத்தன வருசம் கழிச்சாவது பேங்க்குல மொய் எழுதறாங்களான்னு பாக்கலாம்" என்றார்.

6

மார்கழி பிறந்ததும் கிளையிலிருந்து அழைப்பு வந்தது. நேரில் வரச் சொன்னார்கள். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டார். "நீ பேசவேண்டாம். பாத்து எழுதிக்க" என்றார். பட்டறை வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். போகிற வழியில் பேக்கரியில் ஒரு கேக் வாங்கினார்.

(காட்சியை நான் அழகுபடுத்தவில்லை என்று உறுதி சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் கதைக்குள் சொல்லும் உறுதிக்கு என்ன மதிப்பு? தொடர்கிறேன்.)

மோகன்குமார் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். கறுப்புச் சட்டை, நெற்றியில் சந்தனம், காலில் செருப்பில்லை. அக்கா கேக் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"முட்டை போடாததுங்க சாமி. உங்களுக்குன்னே கேட்டு வாங்குனது."

"எதுக்குங்கக்கா இதெல்லாம்?" என்றவர் மறுக்காமல் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"நல்ல சேதிங்கக்கா. மொத்தத்தையும் திருப்பித் தர மேல ஒத்துக்கிட்டாங்க. இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா நாளைக்கே கணக்குல ஏறிடும்."

அக்கா தாளை என் பக்கம் நகர்த்தினார், படித்தேன். கட்டணங்கள் விதிப்படியே விதிக்கப்பட்டவை. இருந்தாலும் நல்லெண்ண அடிப்படையில் திருப்பித் தரப்படுகின்றன. இனி இது குறித்துப் புகார் எதுவும் இல்லை என்று வாடிக்கையாளர் ஒப்புக்கொள்கிறார். செக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. அக்காவின் காதருகில் மெதுவாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"சாமி, மாலை போட்டிருக்கீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஆடில வேண்டாம்னு சொன்னது நானுங்களா, நீங்களா?"

மோகன்குமார் கையில் பாதித் துண்டு கேக் இருந்தது. அதை மேசையில் வைக்கவும் முடியாமல், வாயில் போடவும் முடியாமல் கொஞ்ச நேரம் இருந்தார்.

"நாந்தானுங்க" என்றார். "நீங்க நல்லா வரோணும்னுதான் சொன்னேங்கக்கா."

"அது தெரியுமுங்க. அதனாலதான் செரின்னு போனேன். பின்ன என்ற தலைமேல எழுதுனது யாருங்க?"

"சத்தியமா நான் எழுதலீங்க. 'ஆடி மாசத்துனால தள்ளிப்போச்சு'ன்னுதான் மேல அனுப்புனேன். யாருக்கு ஆடின்னு அவங்களா எழுதிக்கிட்டாங்க."

நான்காம் பகுதியில் நான் தேடிய ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைக்கிறேன். அவருக்கு முகம் இல்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒரு வாக்கியத்தைப் பார்த்தார். அதில் யார் என்பது விட்டுப்போயிருந்தது. 'வாடிக்கையாளர்' என்று நிரப்பிவிட்டார். நானும் அப்படித்தான் ஒரு பெயரை நிரப்பினேன்.

"அப்ப நீங்க இப்பச் சொன்னதையே ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க சாமி. செக்கு திரும்புனது பேங்க்குத் தப்புன்னு. என்ற கம்பிக்கடைக்காரருகிட்டக் காட்டோணும்."

"எனக்கு அந்த அதிகாரம் இல்லீங்கக்கா. மேல கேக்கோணும். இதுல போட்டுருங்களேன், பணமாவது வந்துரும். குறைதீர்ப்பாளருக்குப் போனா எப்ப முடியும்னு யாருக்குத் தெரியும்? இன்னைக்கே போட்டுருங்க. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மறுபடியும் அதே 'நல்லதுக்கு'. அதில் கள்ளமில்லை. அதுதான் சிரமம்.

அக்கா பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். வேண்டாங்க்கா என்று வாய்வரை வந்தது. பேசக் கூடாது என்று சொல்லியிருந்தாரே. தாளைத் தன் பக்கம் இழுத்து, கையெழுத்துப் போடும் இடத்தைப் பார்த்தார். பிறகு மூடியைத் திரும்பப் போட்டு, பேனாவைத் தாளின் மேலேயே வைத்து, இரண்டையும் சேர்த்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"மார்கழிங்களே சாமி" என்றார். "மார்கழில எதுக்குங்க புதுசா எழுதிக்கிட்டு? தை பொறக்கட்டும். நீங்களும் மலைக்குப் போயிட்டு வந்துருங்க. மேல கேட்டு வைங்க. அந்த ஒரு வரியச் சேத்துக் குடுத்தீங்கன்னா, மொதோ கையெழுத்து என்னுதுதான்."

மோகன்குமார் அவரையே பார்த்தார். முதலில் அவர் காதுகள் சிவந்தன. பிறகு சிரித்துவிட்டார். அடக்க முடியாத சிரிப்பு. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்ததும் கையிலிருந்த கேக்கை வாயில் போட்டுக்கொண்டு, தாளை எடுத்து இழுப்பறையில் வைத்தார்.

"கேக்கறேனுங்கக்கா" என்றார். "இந்தத் தடவ யாருக்கு மார்கழின்னு தெளிவா எழுதியே கேக்கறேன்."

7

இனி முடிவு.

முடிவு அ: தை இரண்டாம் தேதி அந்த ஒரு வரியோடு கடிதம் வருகிறது. அங்கப்பன் அதை இரண்டு பக்கமும் படிக்கிறார். நாற்காலி விரிகிறது. அழகான முடிவு, எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் எந்த வங்கியாவது 'எங்கள் தவறு' என்று எழுதி நான் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவு ஆ: மார்கழி முடியும் முன்பே அக்கா வங்கிக்குப் போய்க் கையெழுத்துப் போடுகிறார். பதினோராயிரம் வருகிறது. அதற்குக் கிடைத்த அளவு கம்பியை ரொக்கத்துக்கு வாங்கி, கோடையைச் சின்ன மோட்டார்களோடு ஓட்டுகிறார். உலகத்தில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. எழுதிப் பார்த்தேன். பேனாவை மூடி நகர்த்தியவர் இதைச் செய்யமாட்டார்.

முடிவு இ: 'குறைதீர்ப்பாளரின் உத்தரவு வந்த அன்று'

வரவில்லை. வராததை எழுதவும் வரவில்லை.

கதையை இதுவரை எழுதி அக்காவிடம் கொடுத்தேன். வகுப்பில் உட்கார்ந்தே படித்தார். ஓரிடத்தில் மட்டும் பென்சிலால் திருத்தினார். மண்டபத்துக்காரர் மூன்று தடவை அல்ல, இரண்டு தடவைதான் கேட்டாராம். (நான் மாற்றவில்லை. மூன்றுதான் நன்றாக இருக்கிறது.)

"முடிவு எங்க கண்ணு?"

"இன்னும் மார்கழி முடியலீங்களேக்கா."

அக்கா என் முதுகில் செல்லமாக ஒன்று வைத்தார். தாள்களைத் தட்டி அடுக்கினார். "லெட்டரு வந்தாலும் வராட்டியும் தை மூணாந்தேதி நான் கடைக்குப் போறேன். செக்குப் புஸ்தகத்தோட. கம்பி இல்லாம கோடைய எப்படி ஓட்டறது? அதுக்குள்ள இத எங்கயாவது அச்சுல போடச் சொல்லு. அங்கப்பண்ணன் படிக்கட்டும்."

ஆகவே நான் செய்யக்கூடியது ஒன்றுதான்.

வாசகரே, இவ்வளவு நேரம் நீங்கள் யாராகவோ இருந்து இதைப் படித்தீர்கள். இந்தக் கடைசிப் பத்திக்கு மட்டும் அங்கப்பனாக இருங்கள். தை மூன்று. கடையில் ஊதுவத்தி பாதி எரிந்திருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, இந்தக் கதை அச்சான தாளை இரண்டு பக்கமும் படித்து முடித்திருக்கிறீர்கள். நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். வங்கியின் கடிதம் எதுவும் வரவில்லை, வருமா என்றும் தெரியாது. வாசலில் நிழல் விழுகிறது. மெர்சியக்கா உள்ளே வருகிறார். ஒரு மாதம் தள்ளித் தேதி போட்ட செக்கை நீட்டியபடி நிற்கிறார். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். நாற்காலி சுவரோரம்தான் சாத்தியிருக்கிறது, உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்.